வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? தமிழ்நாட்டில் எங்கே ஆபத்து, யார் பொறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுக்காலப் பணத்தையோ வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்ததையோ போட்டு, மாதா மாதம் வாடகை வரட்டும் என்று ஒரு வீடு வாங்குபவர்கள் நம்மிடையே ஏராளம். விலை, வட்டி, வாடகை பற்றி அவர்கள் நிறையக் கணக்குப் போடுகிறார்கள். பத்திரத்தில் யாருடைய கையெழுத்து இல்லை, செப்டிக் டேங்க் மூடி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. வாழ்க்கைச் சேமிப்பையே இழக்க வைப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் என்பதால் இந்தப் பக்கத்தில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வீடு பிடித்துவிட்டது. டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். முதலில் பத்திரங்களின் நகல்களை வாங்கி, உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பவரோ தரகரோ அழைத்துவரும் வழக்கறிஞர் வேண்டாம். வங்கி கடன் தருகிறது என்பதும் போதாது. வங்கி பார்ப்பது தன் கடனுக்கான பாதுகாப்பை. உங்கள் நிம்மதியைப் பார்ப்பது அதன் வேலை அல்ல.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே, அது போதாதா?

போதாது. பதிவுத் துறையின் இணையதளத்தில் பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களின் 1975 முதலான பதிவுகளைப் பார்க்க முடிகிறது. அது பெரிய வசதி. ஆனால் பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் வரும். பதிவாகாத ஒப்பந்தம், நீதிமன்றத்தில் நடக்கும் பாகவழக்கு, விடுபட்ட வாரிசு ஆகிய மூன்றும் அதில் தெரியாமல் போகலாம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒருவர் 1995-இல் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், திருமணமாகிப் போன ஒரு மகள். 2001-இல் தாயும் மகன்களும் பாகப் பிரிவினைப் பத்திரம் பதிகிறார்கள். 2006-இல் மூத்தவர் தன் பங்கை விற்கிறார். 2015-இல் அது மறுபடி கைமாறுகிறது. இப்போது உங்களிடம் வருகிறது. வில்லங்கச் சான்றில் வரிசை அழகாக இருக்கும்: பாகம், கிரயம், கிரயம். அந்த மகளின் பெயர் எங்குமே இருக்காது. ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. “கல்யாணத்துக்கு எல்லாம் செய்தாகிவிட்டது” என்று அண்ணன்கள் சொல்வது, தன் பங்கை விட்டுக்கொடுத்து அவளே எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் ஆகாது. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-இலேயே திருமணமாகாத மகள்களுக்குச் சம உரிமை தந்தது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அது பிறப்பால் வரும் உரிமை என்று உறுதிசெய்தது.

ஆகவே பத்திர வரிசையில் யாராவது இறந்திருந்தால் அந்த இடத்தில் நில்லுங்கள். வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பின்வந்த பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒரு பெயர் விடுபட்டிருந்தால் அவரிடமிருந்து விடுதலைப் பத்திரம் பதிந்து வாங்கித் தரும் பொறுப்பு விற்பவருடையது. அவர் தயங்கினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு நியாயமாகச் சேர வேண்டியதைத் தராமல் வாங்கிய வீட்டில் உங்களுக்கும் நிம்மதி இருக்காது.

பதிவு ஆகிவிட்டாலே அரசு உறுதிசெய்தது போலத்தானே?

இல்லை. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிகிறார். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்ப்பளிப்பதில்லை. மூல ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்று அறிவித்தது. உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்றும் சொன்னது. அந்தச் சுமை முழுவதும் வாங்குபவர் தலையில் இருக்கிறது. தாய்ப்பத்திரத்தின், அதாவது சொத்து விற்பவர் கைக்கு வந்த மூலப் பத்திரத்தின், அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். “தொலைந்துவிட்டது” என்ற பதில் வந்தால், அது எங்காவது அடமானத்தில் இருக்கிறதா என்று விசாரிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பொது அதிகாரப் பத்திரத்தை (பவர்) மட்டும் வைத்து “விற்றுவிட்டோம்” என்பது உரிமை மாற்றம் ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகாரம் பெற்ற முகவர் விற்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்யாமல் இருக்கிறாரா என்று அவரிடமே பேசித் தெரிந்துகொள்ளுங்கள்.

பட்டா இருந்தால் நிலத்தில் பிரச்சினை இல்லை என்று கொள்ளலாமா?

பட்டாவோடு, நிலம் என்ன வகை என்று வருவாய்த் துறை எழுதிவைக்கும் ‘அ’ பதிவேட்டையும் அளவும் எல்லையும் காட்டும் புலப்படத்தையும் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு, கோயில் நிலம், வக்பு நிலம், பஞ்சமி நிலம் ஆகியவற்றில் எது கலந்திருந்தாலும் வேண்டாம். பஞ்சமி நிலம் 1892-க்குப் பின் ஆங்கிலேய அரசு பட்டியல் சாதி மக்களுக்கு ஒப்படை செய்தது. அதைப் பிறர் வாங்குவது செல்லாது. மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பதையும் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தத் தனி விதிகள் வந்தன. அப்படி வரன்முறைப்படுத்திய ஆணை இருந்தால் நகல் கேளுங்கள்.

புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பயம் குறைவுதானே?

வேறு வகைப் பயம். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அங்கே வீடு பதிவு செய்திருந்தவர்கள் அத்தனை பேரும் திட்ட அனுமதியை நம்பியவர்கள்தான்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாட்களுக்குள் கட்டியவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் கட்டுவதும் 8 வீடுகளுக்கு மேற்படாததும் அந்தச் சட்டத்தில் பதிவு செய்யத் தேவையில்லை. சென்னைத் தெருக்களில் பழைய வீட்டை இடித்துக் கட்டும் குடியிருப்புகள் பல இந்த அளவுக்குள் வருபவை. அங்கே உங்கள் பாதுகாப்பு கட்டுமான ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதி வாங்கும் வாசகத்தில்தான் இருக்கிறது. நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சேரும் பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்பதையும் எல்லா வீடுகளுக்கும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை மனையின் அளவைத் தாண்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெள்ள அபாயத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம், கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, மறுபடியும் முடிச்சூர். தண்ணீருக்குத் தன் பழைய வழி மறப்பதில்லை. நவம்பரில் ஒருமுறை, நல்ல மழை பெய்த மறுநாள் அந்தத் தெருவுக்குப் போங்கள். சுற்றுச்சுவரில், மின்மீட்டர் பெட்டிக்குக் கீழே, சுவர் நெடுகிலும் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். எதிர் மளிகைக் கடைக்காரரிடம் “2015-இல் கடையில் எதுவரை தண்ணீர்?” என்று கேட்டால் கையை வைத்தே காட்டிவிடுவார். தரைத்தளம் வாங்குகிறீர்கள் என்றால் இதைச் செய்யாமல் இருக்கவே கூடாது. முழங்கால் நீரில் குடும்பத்தோடு நிற்கப்போவது நீங்கள் அல்ல, உங்களை நம்பிக் குடிவந்தவர்.

ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்கலாமா?

வாங்கலாம், வாடகைதாரரையும் அவருக்குத் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸையும் சேர்த்தே வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். எவ்வளவு அட்வான்ஸ், எவ்வளவு வாடகை, எந்தத் தேதியில் ஒப்பந்தம் முடிகிறது என்பதை விற்பவர், வாடகைதாரர், நீங்கள் மூவரும் கையெழுத்திட்ட ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் தொகையைக் கிரய விலையில் கழித்துக்கொள்ளுங்கள். “மூன்று மாதத்தில் காலி செய்துவிடுவார்” என்பது விற்பவரின் வாக்குறுதி. வாடகைதாரரைக் கேட்டால் வேறு கதை சொல்லலாம்.

வாடகைக்குப் பதிலாக லீஸுக்கு விடலாமா? மொத்தப் பணம் கையில் வருமே?

போக்கியம், ஒத்தி, இப்போது நகரங்களில் லீஸ் என்று சொல்லும் இந்த முறையில் குடிவருபவர் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுப்பார். மாத வாடகை கிடையாது. காலம் முடிந்ததும் முழுத்தொகையையும் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்ட உரிமையாளர், அடுத்த லீஸ்காரர் வந்தால்தான் முந்தையவருக்குத் தர முடியும் என்ற நிலைக்குப் போகிறார். அது கடன். வாடகை வருமானம் என்று அதைக் கணக்கில் எழுதாதீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து நடுவில் வரும் நிறுவனங்களிடம் இருக்கிறது. நடப்பது இப்படி: வெளியூரில் இருக்கும் உரிமையாளரிடம் ஒருவர் வந்து “உங்கள் வீட்டை நாங்களே பராமரிக்கிறோம், சந்தை வாடகையைவிட இரண்டாயிரம் அதிகம் தருகிறோம்” என்கிறார். ஒப்பந்தத்தில் உள்வாடகைக்கு விடும் உரிமை ஒரு வரியில் இருக்கும். அவர் அதே வீட்டை இன்னொரு குடும்பத்துக்கு லீஸுக்குக் கொடுத்து லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார். சில மாதங்கள் உங்களுக்கு வாடகை ஒழுங்காக வரும். பிறகு நின்றுபோகும். அலுவலகம் பூட்டியிருக்கும். நீங்கள் வீட்டுக்குப் போனால், “நாங்கள் லீஸ் பணம் கொடுத்துவிட்டோமே” என்று தாளை நீட்டுகிறது அந்தக் குடும்பம். இருவருமே ஏமாந்தவர்கள், ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்த்துக்கொண்டு காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

குடியிருக்கப் போகிறவருடன் மட்டுமே ஒப்பந்தம் போடுங்கள். உள்வாடகைக்கும் லீஸுக்கும் விட அனுமதி இல்லை என்று எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது நேரில் போய்க் குடியிருப்பவரிடம் பேசுங்கள்.

11 மாத ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதினால் போதும்தானே?

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் பிறந்த வழக்கம் இந்த 11 மாதம். ஆனால் தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்து எண் பெற வேண்டும். 11 மாதத்துக்கும் இது பொருந்தும். பதியாவிட்டால், தகராறு வரும் நாளில் அந்தச் சட்டத்தின் வாசலில் உங்கள் தாளுக்கு மதிப்பில்லாமல் போகும். இணையத்தில் முடிகிற வேலை; பலர் இன்னும் செய்வதில்லை என்பது வருத்தம்.

அட்வான்ஸ் பற்றியும் ஒரு சொல். இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான கழிவு போகத் திருப்பித் தர வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட பழக்கம் கண்டிப்பாகப் போக வேண்டிய ஒன்று. குடிவரும் நாளில் இருவருமாக ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, மின்மீட்டர் எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டால் கழிவுச் சண்டை பாதி குறையும்.

12 ஆண்டுகள் குடியிருந்தால் வீடு வாடகைதாரருக்குச் சொந்தமாகிவிடுமாமே?

ஆகாது. 12 ஆண்டு எதிரிடை அனுபவம் என்பது உரிமையாளரின் அனுமதி இல்லாமல், அவருடைய உரிமையை வெளிப்படையாக மறுத்து அனுபவிப்பவருக்கானது. வாடகை கொடுத்து உங்கள் அனுமதியோடு இருப்பவர் அப்படிக் கோர முடியாது. இந்தப் பயத்தால் நல்ல குடித்தனக்காரரை அடிக்கடி மாற்றுவது இரு தரப்புக்கும் நஷ்டம். கவனிக்க வேண்டியது வேறு: எழுத்தில் எதுவும் இல்லாமல், வாடகையும் வாங்காமல், “சும்மா பார்த்துக்கொள்ளட்டும்” என்று உறவினரிடமோ காவலாளியிடமோ விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் எட்டிப்பார்க்காத வீடு. அங்கே எந்த உரிமையில் அவர் இருக்கிறார் என்பதை நிரூபிக்க உங்களிடம் தாள் இருக்காது. வாடகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். சொத்து வரி ரசீதுகளை உங்கள் பெயரில் வைத்திருங்கள்.

வாடகை தரவில்லை. மின்சாரத்தைத் துண்டித்தால் தானாகப் போய்விடுவாரே?

செய்யாதீர்கள். தண்ணீர், மின்சாரம் முதலான அத்தியாவசியச் சேவைகளை நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது. குழந்தையும் முதியவரும் இருக்கும் வீட்டில் குழாயை மூடுவது மனிதத்தன்மையும் அல்ல. இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, அறிவிப்பு கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் தராவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்ற மனு போடலாம். முதல் மாதம் தவறியதுமே எழுத்தில் கேளுங்கள். ஆறு மாதம் பொறுத்து ஒரு நாள் கத்துவதைவிட அதுவே நல்லது.

வீட்டில் விபத்து நடந்தால் உரிமையாளர் பொறுப்பா?

பல நேரங்களில் ஆம். கட்டமைப்புப் பழுதும் வீட்டின் மின் வயரிங்கும் குழாய்களை மாற்றுவதும் உரிமையாளர் வேலை என்று 2017 சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. சுவிட்ச், குழாய் வாஷர், கதவுப் பூட்டு போன்ற சில்லறைப் பழுது குடியிருப்பவருடையது. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி, துருப்பிடித்த சம்ப் மூடி, எர்த் இல்லாத கீசர் இணைப்பு ஆகியவை உங்கள் கணக்கு. மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிடி சாதனம் இல்லாத பழைய வீடு என்றால் குடிவைப்பதற்கு முன் மாட்டிவிடுங்கள்.

செப்டிக் டேங்க் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும். தொட்டி நிரம்பியதும் குடியிருப்பவர் போன் செய்வார். நீங்கள் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் செய்வீர்கள். லாரி உறிஞ்சிய பின், “அடியில் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, இறங்கி அள்ளிவிடுகிறேன்” என்று ஒருவர் சட்டையைக் கழற்றுவார். அந்த இடத்தில் தடுத்தாக வேண்டும். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இரண்டு மூச்சில் ஆள் சாய்வார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், அவரும் சாய்வார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறப்பது இப்படித்தான். புதிதாகக் கட்டிய, கழிவே சேராத தொட்டியிலும் சம்பிலும் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். மூடிய குழியில் ஈரப்பலகை மக்கி ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது.

கையால் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்க்கில் இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இறப்புக்கான இழப்பீடு குறைந்தது 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்தியது. சிறையும் பணமும் இருக்கட்டும்; உங்கள் வாடகை வீட்டுக் கழிவுக்காக ஒரு தொழிலாளி உயிரை விடக் கூடாது. 14420 என்ற கழிவகற்றும் உதவி எண்ணுக்கு அழைத்து, உரிமம் பெற்ற லாரியைக் கேளுங்கள். இந்த எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி, “யாரையும் உள்ளே இறக்கக் கூடாது” என்று குடியிருப்பவருக்கும் சொல்லிவையுங்கள்.

காப்பீடு எடுத்தால் இவை எல்லாம் தீருமா?

சில தீரும். பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவடிவ வீட்டுக் காப்பீட்டை 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் இதில் அடங்கும். கட்டடம் குடியிருக்க முடியாமல் போனால் இழந்த வாடகைக்கும் இடம் உண்டு. காப்பீட்டுத் தொகை கட்டடத்தை மறுபடி எழுப்பும் செலவு. நில விலையைச் சேர்த்து பிரீமியம் கட்டாதீர்கள். குடியிருப்பவரின் பொருட்களுக்கு இது பொருந்தாது. அவர் தனியாக எடுக்கட்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு தனி. கேட்டு வாங்க வேண்டும். கடனோடு வங்கி திணிக்கும் காப்பீடு வீட்டுக்கா, உங்கள் உயிருக்கா என்று தாளைப் படியுங்கள்.

கம்பெனி பெயரில் வாங்கினால் என் பொறுப்பு குறையுமா?

ஒன்றிரண்டு வீடுகளுக்கு இதில் பெரிய பயன் இல்லை. கணக்குத் தணிக்கைச் செலவு கூடும். செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்கிய குற்றத்துக்கு இயக்குநர் என்ற முறையில் நீங்களே நிற்பீர்கள். அந்தச் செலவில் வயரிங்கை மாற்றுங்கள்.

வரியில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் எவை?

வாங்கும்போது விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் கடமை. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விதியே வேறு. பிடிக்க வேண்டிய விகிதம் மிக அதிகம். வழக்கம்போல 1 சதவீதம் பிடித்துவிட்டு மீதியைக் கொடுத்தால், பற்றாக்குறையை வட்டியோடு உங்களிடம்தான் கேட்பார்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்குவதும் தடை. பத்திரச் செலவு, பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும். இதை மிச்சம்பிடிக்க விலையைக் குறைத்துக் காட்டினால், நாளை கிரயம் ரத்தாகும்போது பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் திரும்பக் கேட்க முடியும்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். வீட்டை யாரிடம் விடுவது?

வாடகை வாங்க, பழுது பார்க்க, ஒப்பந்தம் பதிய என்று செயல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தனி அதிகாரப் பத்திரம் மட்டும் கொடுங்கள். விற்கும், அடமானம் வைக்கும் அதிகாரத்தை அண்ணன் தம்பிக்குக்கூடக் கொடுக்காதீர்கள். அசல் பத்திரங்களை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் சொத்துக்கு இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். நீங்கள் அறியாத பதிவு ஏதாவது தெரிந்தால் அன்றே மாவட்டப் பதிவாளருக்கும் காவல்துறைக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். உங்களுக்கு வாடகை அனுப்புபவர் வரி பிடித்தம் செய்ய வேண்டியிருக்கும் என்பதைக் குடிவரும் முன்பே அவரிடம் சொல்லி, அதற்கு வருமான வரித் துறை தரும் எண்ணை (TAN) அவர் பெற உங்கள் கணக்காளரை உதவச் சொல்லுங்கள்.